எட்டு மணி நேரமுங்க

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பெறுநர், சென்னையில் உள்ள ஒரு தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பிரிவு. அனுப்புநர் முகவரி எங்கள் வீட்டுடையது. எழுத்து என்னுடையதல்ல, என் மனைவியோடு வேலை செய்யும் ஒரு டெய்லர் எழுதியது. பெற்றுக்கொண்டவர் பச்சை மையில் ஏதோ கிறுக்கியிருக்கிறார். அதன்மேல் அஞ்சல் முத்திரை. மாதமும் ஆண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன. நாள் இருக்க வேண்டிய இடத்தில் மை இழுபட்டுக் கறுப்புப் பட்டையாகிவிட்டது. அச்சகத்திலிருந்து லென்ஸ் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். வெயிலில் பிடித்தும் பார்த்தேன். மாதத் தொடக்கமா கடைசியா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

நான் தேதி விஷயத்தில் இப்படித்தான். தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. பனியனின் பக்கத் தையலில் சின்னதாக ஒரு துணித்துண்டு இருக்குமே, எந்தச் சூட்டில் துவைக்கலாம், இஸ்திரி போடலாமா என்றெல்லாம் பல மொழிகளில் அச்சிட்டு, அந்த லேபிளை அடிக்கும் அச்சகம் ஒன்றில் பிழை பார்க்கிறேன். அந்த மொழிகளில் ஒன்றும் எனக்குத் தெரியாது. மூலத்தையும் அச்சையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவேன். ஒரு புள்ளி தப்பினாலும் அவ்வளவு லேபிளும் குப்பை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. படித்த புத்தகம், பெய்த மழை, பார்த்த நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. அதில் மிகப் பழையது, ஞாயிறு மாலையில் வரும் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நான் எழுதிவரும் பதிவு. எங்கள் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்தில் ஆரம்பித்த நிகழ்ச்சி. அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். நிகழ்ச்சி இன்னும் ஓடுகிறது.

"காமெடி புரோகிராமுக்கெல்லாம் எதுக்குங்க சரித்திரம்?" என்று அச்சகத்தில் கேட்பார்கள். பழைய கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கை ஒப்பிப்பவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஓர் ஊர் எதைப் பார்த்துச் சிரித்தது என்பதும் சரித்திரம்தான். யாரும் எழுதவில்லை என்றால் நான் எழுதுகிறேன். இதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதாக இல்லை.

ஆனால் இந்தக் கட்டுரையில் மட்டும் தேதிகளைத் தரப்போவதில்லை. அவை என்னிடம் இருக்கின்றன. தந்தால் கம்பெனி எது என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மனைவிக்கு இன்னமும் சம்பளம் தருவது அந்தக் கம்பெனிதான். கிழமையும் மாதமும் போதும்.

ஆடி மாதம் தொடங்கி, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு முடிந்த சீசன் அது. நிகழ்ச்சியின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான். சின்னச் சின்ன நாடகங்கள், சிரித்து மேசையைத் தட்டும் இரண்டு நடுவர்கள், எவரும் சிரிக்காத இடத்திலும் சிரிக்கும் ஒரு ஒலிநாடா. மூன்றாம் வாரத்தில் புதிதாக ஒரு நாடகம் வந்தது. களம், எங்கள் ஊர் பனியன் கம்பெனி. பெண் வேடம் கட்டுவதில் பேர்போன நடிகர் ஒருவர், இரண்டாவது சீசனிலிருந்து நான் விரும்பிப் பார்க்கிறவர், டெய்லரக்காவாக வந்தார். டை கட்டிய ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஆடிட் செய்ய வந்தவராக எதிரே உட்கார்ந்தார்.

ஆடிட் என்றால் எங்கள் ஊரில் கணக்குத் தணிக்கை மட்டுமல்ல. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், தைக்கிற ஆட்களை இங்கே ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அவர் லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், சிலரைக் கூப்பிட்டுத் தனியாகக் கேள்வி கேட்பார். என்ன கேட்பார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பயிற்சி நடக்கும். எல்லாக் கம்பெனியும் இப்படி அல்ல. இப்படி இருக்கிற கம்பெனிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

நாடகம் இப்படிப் போனது.

"உங்க பேரு என்னம்மா?"

"எட்டு மணி நேரமுங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"வாரம் ஒரு நாள் லீவுங்க."

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"அவசர வழி அந்தப் பக்கமுங்க."

நடுவர்களில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் இரண்டு பேர் அதைவிட மோசமாகச் சிரித்தார்கள். ஒருத்தி என் மனைவி, ஓவர்லாக் டெய்லர். இன்னொருத்தி அதே லைனில் அவளுக்கு அடுத்த மெஷினில் தைப்பவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் எங்கள் காம்பவுண்டிலேயே கடைசி வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு காலை மாதா கோயில், மாலை எங்கள் வீட்டு டிவி.

"எக்கா, நம்ம எச்சாரு பாத்தான்னா நாக்கப் புடுங்கிட்டுச் செத்தான்" என்றாள் அவள். பயிற்சி கொடுக்கும் மனிதவள அதிகாரியைத்தான் அவர்கள் 'எச்சாரு' என்பார்கள்.

அன்றைய என் பதிவில் இருப்பது: "பனியன் கம்பெனி நாடகம். நடிப்பு நன்று. காலால் மிதித்து ஓட்டும் கால்மிதி மெஷினில் பனியன் தைப்பதாகக் காட்டியது பிழை, கம்பெனியில் மோட்டார் மெஷின்தான். மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்."

அடுத்த ஞாயிறும் அந்த நாடகம் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். அந்த சீசனுக்கே அதுதான் அடையாளம் என்று ஆகிவிட்டது. எந்தக் கேள்விக்கும் டெய்லரக்கா சம்பந்தமில்லாத ஒரு பதிலைச் சொல்வார். கேட்பவர் தலையில் அடித்துக்கொள்வார். மருத்துவமனையில், ரேஷன் கடையில், மகளின் பள்ளிக்கூடத்தில் என்று களம் மாறியது, பதில்கள் மாறவில்லை. ஊரில் அது பரவிய வேகம் எனக்குத் தெரிந்து எந்தச் செய்திக்கும் இருந்ததில்லை. பேக்கரியில் டீ சொன்னால் 'எட்டு மணி நேரமுங்க' என்றார்கள். பஸ்ஸில் கண்டக்டர், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும் பெண்களைப் பார்த்து, "எங்கக்கா எறங்கோணும்? எட்டு மணி நேரத்துலயா?" என்றார். லைனில் பீஸ் தேங்கினால் சூப்பர்வைசரும் அதையே சொல்லிக் காட்டினார்.

ஐந்தாவது ஞாயிறு, நாடகம் தொடங்கியதும் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பதிவில் அவள் பெயருக்கு எதிரே 'சிரிக்கவில்லை' என்று எழுதினேன்.

"ஏன், சலிச்சுப்போச்சா?" என்றேன்.

"சலிக்கலீங்க. அந்தப் பொம்பளைக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு அல்லாரும் சிரிக்கறாங்க. தெரியாமயா சொல்றா? சொல்லச் சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன் இருக்கறானுல்லீங்க, அவன் எங்கெ? டிவில ஆளையே காணம்."

அடுத்த மெஷின் பக்கத்துக்காரி சொன்னாள்: "அவன் வந்தா அவனையில்லா பாத்துச் சிரிக்கணும். அதான் காட்டல."

இத்தனை வருடம் அந்த நிகழ்ச்சியைக் குறிப்பெடுத்த எனக்கு மெஷின் தப்பு என்று தெரிந்தது. ஓர் ஆளே குறைகிறார் என்று தெரியவில்லை. அன்று இரவே பழைய குறிப்புகளைப் புரட்டினேன். வேலைக்காரி நாடகம், காவலாளி நாடகம், பரோட்டா மாஸ்டர் நாடகம். ஒவ்வொன்றிலும் இதேபோல ஓர் ஆள் குறைந்திருக்கிறார்.

புரட்டாசியில் இரண்டு பெரியவர்கள் அச்சகத்துக்கு வந்தார்கள். ஒருவர் முன்பு பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் சின்னப் பட்டறை, வைத்து நடத்தியவர், மற்றவர் ஊர்க் காரியங்களில் முன்னால் நிற்பவர். நிகழ்ச்சிக்கு எதிராக மனு கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள்.

"நம்ம பேச்சையே கேலிக்கூத்தாக்கிப் போட்டாங்க. ஊரு பேரு கெட்டுப்போச்சுங்க. எந்தெந்தத் தேதில என்னென்ன சொன்னாங்கன்னு நீங்க எழுதி வெச்சிருக்கறதாச் சொன்னாங்க. அத மட்டும் குடுத்தீங்கன்னா போதும்."

மனுவின் நகலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் படித்துக்காட்டினேன். கொங்குத் தமிழை இழிவு செய்தது பற்றி ஒரு பத்தி, ஏற்றுமதிக்கு வரக்கூடிய பாதிப்பு பற்றி ஒரு பத்தி, நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்று ஒரு பத்தி.

வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவள், "அதுல நாங்க எங்காச்சும் வர்றமுங்களா?" என்றாள்.

மறுபடி பார்த்தேன். வரவில்லை.

"அப்பறம் அந்தத் தேதியெல்லாம் அவிங்களுக்கு எதுக்குங்க?"

தரவில்லை. தேதி கேட்டு வந்தவருக்கு நான் இல்லை என்று சொன்னது அதுவே முதல் தடவை. மனு தேதி இல்லாமலேயே போனது. என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. நிகழ்ச்சியை நிறுத்துவதில் எனக்கு விருப்பமும் இல்லை. கேலி செய்கிறவன் வாயை அடைப்பதால், கேலிக்கு ஆளானவளுக்கு ஒன்றும் கிடைத்துவிடாது.

அந்த மாதமே கம்பெனிக்கு ஆடிட் வந்தது. இனி நான் சொல்வது நேரில் பார்த்ததல்ல. என் மனைவியும் பக்கத்துக்காரியும் தனித்தனியாகச் சொன்னவற்றில் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடத்தைச் சொல்லிவிடுவேன்.

புதிதாக ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் வரவேண்டியிருந்தது. ஆடிட் தேறினால்தான் வரும். அதனால் கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்துப் பயிற்சி. எச்சாரு ஈரோட்டுக்காரர். இளைஞர், தன்மையாகப் பேசுகிறவர். கையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க்கா, ஆடிட்டர் மேடம் கேப்பாங்க, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலைன்னு. என்ன சொல்லுவீங்க?"

யாரோ முதலில் மூக்கால் சிரித்தார்கள். பிறகு கேன்டீன் முழுவதும் சிரித்தது. அவர் முதலில் கூடவே சிரித்தார். பிறகு சிவந்துபோனார்.

"டிவி பாத்துக் கெட்டுப் போயிட்டீங்க அத்தனை பேரும். சரி, எட்டு மணி நேரம்னு சொல்லவேண்டாமுங்க. காலைல எட்டரைக்கு வந்து சாயந்தரம் அஞ்சரைக்குப் போறம், நடுவுல சாப்பாட்டு நேரம் போகன்னு சொல்லுங்க. எங்கெ, நீங்க சொல்லுங்க பாப்போம்."

எழுந்தவள் 'காலைல எட்டரைக்கு' வரைக்கும் சொன்னாள். மேலே போக முடியவில்லை. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் கூசாமல் வந்த பதில், அந்த சீசனில் வாயைவிட்டு வர மறுத்தது. அதைக் கெடுத்தது சட்டமல்ல, போராட்டமல்ல, ஒரு வேடதாரி. அவரும் வேண்டுமென்று செய்யவில்லை.

ஆகவே எச்சாரு சிரிக்காத முகங்களைத் தேடினார். அவர் கண்ணில் பட்டவள் என் மனைவி. நான்தான் சொன்னேனே, அவள் அதற்குச் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள். அவளை வாசலுக்குப் பக்கத்து மெஷினில் உட்காரவைத்தார்கள். ஆடிட்டர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆளைக் கூப்பிடுவார்களாம்.

ஆடிட் அன்று காலை அவள் சாப்பாட்டுக் கூடையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டே, "நான் சிரிக்க மாட்டனுங்க. ஆனா அதையுஞ் சொல்ல மாட்டன்" என்றாள்.

"வேலை போயிருமே."

"போனாப் போகுதுங்க. பஸ்ஸுல கண்டக்டர் கேக்கறப்ப நான் அந்த டிவி டெய்லரக்கா இல்லைன்னு சொல்லிக்க எனக்கு ஒண்ணு வேணுமில்ல?"

வேலை போனால் எங்களுக்குச் சாப்பாடு நின்றுவிடாது. ஆனால் மகளின் விடுதிச் செலவு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அது இருவருக்கும் தெரியும்.

ஆடிட் நாளில் நடக்கிற எல்லாம் நடந்தது. காலையிலேயே ஆளுக்கொரு புது முகக்கவசம் கொடுத்தார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்தது. குழந்தைகள் காப்பகம் என்று பெயர் எழுதிய அறையின் பூட்டைத் திறந்தார்கள். உள்ளே அலமாரியில் பொம்மைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் உட்கார்ந்திருந்தன. பதினோரு மணி டீக்குப் பிறகு என் மனைவியைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அறை. ஆடிட்டர், பெங்களூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண். மடியில் டேப்லெட் கணினி.

"உக்காருங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?"

"மொதல்ல என்ர பேரக் கேளுங்க மேடம்."

"பேரு லிஸ்ட்ல இருக்கே."

"இருந்தாலுங் கேளுங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பெயர் கேட்டார். இவள் சொன்னாள். முழுப் பெயரும், அப்பா பெயரும், ஊரும்.

"இப்ப அந்தக் கேள்வியக் கேளுங்க."

"எத்தனை மணி நேரம்?"

"ஆர்டர் கம்மின்னா எட்டு. கப்பலுக்கு அனுப்பற வாரம் ராத்திரி ஒம்பது ஆயிரும். ஞாயித்துக்கெழமையுஞ் சில வாரம் வரச்சொல்லுவாங்க. மொகத்துல போட்டுக்கறது காத்தாலதானுங்க குடுத்தாங்க, சாயந்தரம் வாங்கிக்குவாங்க. அந்தப் பொம்மையெல்லாம் ஒருக்காக் கையில எடுத்துப் பாருங்க."

"நான் எழுதிக்கலாமா?"

"எழுதோணும்னுதானுங்க சொல்றது."

எழுந்துவரும்போது ஆடிட்டர் சொன்னாராம்: "அந்த ஷோ நானும் பாக்கறேன். இந்த ஊருக்கு வந்தா எனக்கே கேள்வி கேக்கக் கூச்சமா இருக்கு." என் மனைவி அப்படித்தான் சொல்கிறாள். பக்கத்துக்காரி, ஆடிட்டர் கைகொடுத்ததாகவும் சொல்கிறாள். கைகொடுக்கவில்லை என்கிறாள் என் மனைவி. உள்ளே இருந்தவள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன்.

யார் என்ன சொன்னார்கள் என்று ஆடிட்டர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் யார் உள்ளே அதிக நேரம் இருந்தார் என்று கண்ணாடிக் கதவு சொல்லிவிடும். மாலையில் எச்சாரு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நாளைக்கும் ஆடிட் இருக்குது. நாளைக்கு நீங்க லைன்ல வேண்டாம். பின்னால பிசிறு வெட்டற எடத்துல இருங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

பிசிறு வெட்டுவது, தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது. புதிதாகச் சேர்பவர்கள் உட்காரும் இடம். டெய்லரை அங்கே அனுப்பினால் மெஷினில் வேறு ஆள் உட்காருவார். ஒரு வாரம் கழித்து, மெஷின் காலி இல்லையே அக்கா என்பார்கள். 'அப்பறம் பாத்துக்கலாம்' என்பதற்கு ஊரில் எல்லாக் கம்பெனியிலும் அதுதான் பொருள்.

மறுநாள் காலை என் மனைவி பின்னால் போய்க் கத்தரியை எடுத்தாள். ஒரு பனியனை ஒரே ஆள் தைப்பதில்லை. தோள் ஒருவர், கை ஒருவர், பக்கம் ஒருவர் என்று லைனில் வரிசையாகப் போகும். நடுவில் ஒரு மெஷின் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் பீஸ் வராது. சூப்பர்வைசர் முதலில் பக்கத்துக்காரியிடம் வந்தார்.

"ஏனுங்க்கா, அந்த மெஷின்ல மாறி உக்காருங்க."

அவள் நூலைக் கோத்துக்கொண்டே, எங்கள் பேச்சை அப்படியே பேசிக்காட்டும் குரலில் சொன்னாள்: "எட்டு மணி நேரமுங்க."

"என்னது?"

"வாரம் ஒரு நாள் லீவுங்க."

சூப்பர்வைசர் அடுத்தவளிடம் போனார். "நீங்க போங்க்கா."

"அவசர வழி அந்தப் பக்கமுங்க."

அதற்கடுத்தவள் கேட்கும் முன்பே சொன்னாள்: "குடிக்கற தண்ணி மாடில இருக்குதுங்க."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சில நாள் முன்பு கேன்டீனில் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்த அதே பெண்கள். டிவியில் வந்த டெய்லரக்காவின் அதே முகம், அதே இழுவை. அயர்ன் மேசையில் இருந்த பீகார்க்காரர் ஒருவர், என்ன நடக்கிறது என்று பாதி புரிந்து, "ஆட் கண்டா ஜி" என்றாராம். எட்டு மணி நேரம் என்பதற்கு இந்தி.

எச்சாரு ஓடிவந்தார். மேலே அலுவலக அறையில் ஆடிட்டர் சம்பள ரிஜிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட முடியாது.

"ஏனுங்க, என்ன வெளையாட்டு இது? யாரு ஆரம்பிச்சது?"

"மொதலுதவிப் பெட்டி அங்கெ இருக்குதுங்க."

"அக்கா, கெஞ்சிக் கேக்கறன்."

"யாரும் எங்களக் கட்டாயப்படுத்தறதில்லீங்க."

அத்தனையும் அவர் தாளில் இருந்த பதில்கள். அவரே சொல்லிக்கொடுத்தவை, சரிபார்த்தவை. ஒன்றையும் தப்பு என்று அவரால் சொல்ல முடியாது. இதுவரை அந்தப் பதில்களால் பயன் அடைந்தது கம்பெனி. அன்று காலை மட்டும் லைன். என்னைக் கேட்டால், அந்த சீசனில் மிகச் சிறந்த நடிப்பு அதுதான். நடுவர்கள் இல்லை, ஒலிநாடா இல்லை, எவரும் மேசையைத் தட்டவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்பே சூப்பர்வைசர் பின்னால் போய், "வாங்கக்கா, உங்க மெஷினுக்கே வாங்க" என்று என் மனைவியைக் கூட்டிவந்தார். அவள் கத்தரியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாலையில் முகக்கவசங்களைத் திரும்ப வாங்க அட்டைப்பெட்டியோடு ஒருவர் வாசலில் நின்றார். லைன் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கவசத்தைக் கழற்றாமலேயே பஸ் ஏறிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் என் மனைவியுடையது இன்னும் தொங்குகிறது.

"இதனால என்னங்க மாறிப்போச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆடிட் முடிவு என்ன என்று தைக்கிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆர்டர் வந்தது, அவள் சொன்னதால் வராமல் போய்விடவில்லை. கப்பல் வாரத்தில் இப்போதும் ஒன்பது மணி ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. காப்பக அறைக்கு மறுபடி பூட்டு. இத்தனையையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அவள் மெஷின் அவளிடம் இருக்கிறது. அதை அவளுக்குத் திருப்பித் தந்தது எந்தப் பெரியவரின் மனுவும் அல்ல.

அடுத்த ஞாயிறு பக்கத்துக்காரி பேனாவோடு வந்தாள். "அண்ணாச்சி, இத அந்த டிவிக்காரனுக்கு எழுதிப்போடணும். நீங்க எழுதாதிய, நீங்க எழுதுனா மனு மாதிரி இருக்கும். நான் எழுதுதேன். பிழை மட்டும் பாருங்க."

பிழை மட்டும் பார்த்தேன். நடந்ததை எழுதியிருந்தாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிப் பத்தி மட்டும் எனக்கு மனப்பாடம்: "உங்கள் நாடகத்தில் ஓர் ஆள் குறைகிறார். டெய்லரக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவரையும் மேடைக்குக் கூட்டி வாருங்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம். மேலும் பனியனைக் கால்மிதி மெஷினில் தைக்க மாட்டார்கள்." கடைசி வரி என் விருப்பத்துக்காகச் சேர்த்தது. எங்கள் வீட்டு முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் போட்டோம்.

அந்த சீசன் அதன்பின் சில வாரங்கள் ஓடியது. டெய்லரக்கா வந்தார், பழையபடியே போனார். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, கடைசி எபிசோட். மூவரும் உட்கார்ந்திருந்தோம். மேடையில் அதே மெஷின், அதே டை கட்டிய ஆள். ஆனால் தூணுக்குப் பின்னால் புதிதாக ஒருவர் தாளோடு நின்று, டெய்லரக்கா வாயைத் திறக்கும்போதெல்லாம் சைகை காட்டினார். ஆடிட்டர் கிளம்பியதும் அவர் வெளியே வந்து, "நல்லா சொன்னம்மா, இனி போய் வேலையைப் பாரு" என்றார். டெய்லரக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எட்டு மணி நேரமுங்க."

மேடை இருண்டது. ஒலிநாடா அந்த இடத்தில் சிரிக்கவில்லை என்பதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

பக்கத்துக்காரி எழுந்து நின்றுவிட்டாள். "நம்ம லெட்டரு! அண்ணாச்சி, சத்தியமா நம்ம லெட்டரு!"

என் மனைவி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெஷினு இன்னும் கால்மிதிதான் வெச்சிருக்கறாங்க" என்றாள். "லெட்டரப் படிச்சிருந்தா அத மாத்தியிருக்க மாட்டாங்களா?"

"வாடகைக்கி அந்த மெஷினுதான் கெடச்சிருக்கும். நீங்க சும்மா இரிங்கக்கா."

"அவிங்க எங்களப் பாத்துச் செஞ்சாலுஞ் சரி, தானா நெனச்சுச் செஞ்சாலுஞ் சரி. நாங்க மொதல்ல செஞ்சுட்டம். அது போதுமுங்க" என்றாள் என் மனைவி என் பக்கம் திரும்பி.

அது மட்டும் உறுதி. லைனில் நடந்தது முந்தியது, மேடையில் வந்தது பிந்தியது. இரண்டுக்கும் என்னிடம் நாள் இருக்கிறது. இடையில் உள்ளதுதான் இல்லை. இந்த நிகழ்ச்சிகளை முன்கூட்டியே படம்பிடித்து வைப்பார்கள். கடைசி எபிசோடை எப்போது எடுத்தார்கள் என்று தொலைக்காட்சிக்குப் போன் செய்து கேட்டேன். அந்த விவரமெல்லாம் தருவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கடிதம் அவர்கள் கைக்குப் போன நாள் இந்த ஒப்புகை அட்டையில் கறுப்புப் பட்டைக்கு அடியில் இருக்கிறது. அஞ்சலகத்தில் கேட்டதற்கு, அவ்வளவு பழைய விவரம் தங்களிடம் இல்லை என்றார்கள். பக்கத்துக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதை நான் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. அந்தக் கடைசி எபிசோடைப் படம்பிடித்தது கடிதம் போய்ச் சேர்ந்த பிறகா, அதற்கு முன்பா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.